பையில் இருந்த இடம்

ஓர் அக்டோபரில் ஹால்டன் துறை ஊர்க்கூடத்தில் நடந்த ஆண்டு விருந்துக்குத் தோரா ஹாகன் ஒரு முழு சால்மனைச் சுட்டு எடுத்துப் போயிருந்தாள். ஒன்பது பவுண்டு மீன். கயாக் என்கிற தன் குறுகலான துடுப்புப்படகில் தனியாகப் போய் அவளே பிடித்தது. ஆனால் பிடித்த அன்று அந்தப் பருவத்துக்கு வழக்கமில்லாத வெயில். மீனைக் காலடியில் போட்டுவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று இரண்டு மணி நேரம் சுற்றினாள். வீட்டுக்கு வந்த களைப்பில் குடலை எடுக்காமல் சாயங்காலம் வரை அப்படியே விட்டுவிட்டாள். விருந்தில் முதல் துண்டை வெட்டியபோது சதை துண்டாக வரவில்லை. குழைந்து தட்டில் சரிந்தது.

மற்றவர்கள் பார்க்காததுபோல் இருந்திருப்பார்கள். அவள் தங்கை சிக்னிக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"அந்தக் கத்திய யாராவது வாங்கி வைங்கப்பா. எங்க அக்கா மீனுக்குக் கரண்டி போதும்!"

கூடமே சிரித்தது. தோராவும் சிரித்தாள். வேறு என்ன செய்வது?

சிக்னி மறுநாளே அதை மறந்துவிட்டாள். அவள் அப்படித்தான். வீட்டின் முன்னறையில் ஊராருக்கு முடி வெட்டிவிடுபவள். பாதிப் பேர் முடிக்காக வருவார்கள், பாதிப் பேர் அவள் பேச்சுக்காக வருவார்கள். ஆனால் ஊர் மறக்கவில்லை. தோரா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒருநாள் காலையில் ஏறி உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மரக்கரண்டி. மளிகைக்கடையில் சாமான் கட்டும்போது, "கரண்டி ஒண்ணு சேத்துப் போடட்டுமா தோரா?" என்று கேட்பார்கள். ஐம்பத்தொரு வயதில், தனியாக ஒரு வீட்டை நடத்திக்கொண்டு, யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்த ஒருத்தி ஒரே இரவில் கரண்டி ஆகிவிட்டாள்.

தங்கையிடம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் மீனைக் கெடாமல் வைக்கக் கற்றுக்கொண்டாள். துறையில் மீன் விற்கும் வெண்டலுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒன்றும் கேட்காமல், அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிடித்த உடனே தலையில் ஒரே அடி. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட வேண்டும். அப்புறம் குடல். அப்புறம் வயிற்றுக்குள் ஐஸ். வெறும் ஐஸ் போதாது, கொஞ்சம் கடல்தண்ணீர் சேர்த்துக் கஞ்சிபோலக் கலந்தால்தான் குளிர் எல்லாப் பக்கமும் ஒட்டும். வசந்தத்தில் கயாக்கின் பின்பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு தடித்த குளிர்ப்பையை வரவழைத்தாள்.

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை சிக்னி கூப்பிட்டாள். "கோஹோ சால்மன் வந்துடுச்சாம் அக்கா. நாளைக்குப் போலாமா? வருஷா வருஷம் போறதுதானே."

போனார்கள். காலை எட்டு மணிக்குப் பனி விலகி நீரிணை எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. தோரா நனையாத முழுஉடை போட்டிருந்தாள். சிக்னி ஜீன்ஸும் மழைச்சட்டையும், மேலே லைஃப் ஜாக்கெட்டும்.

"உன் டிரஸ் எங்கடி?"

"ஜிப்பு போயிடுச்சு. தண்ணில விழறதுக்கா வந்திருக்கேன், மீன் பிடிக்க வந்திருக்கேன்." சிக்னி தோராவின் பையைப் பார்த்தாள். "என்ன இது, கல்யாணத்துக்குச் சமைக்கப் போறியா?"

தோரா துடுப்பைப் போட்டாள்.

ஊசிமுனை என்ற நிலமுனைக்கு அப்பால், கடற்பாசி அடர்ந்து மிதக்கும் பாசிக்காட்டின் ஓரமாக, இருவரும் தூண்டிலைக் கயாக்கில் இருந்த குழாயில் செருகிவிட்டு மெதுவாகத் துடுப்பு வலித்தார்கள். தூண்டில் நரம்பின் நுனியில் மீனை ஏமாற்றும் வெள்ளித்தகடு நீருக்குள் நெளிந்தபடி பின்தொடர்ந்தது. ஓதம் இறங்கி, கடல் வற்றத் தொடங்கியிருந்தது. முனையைச் சுற்றி நீர் வெளிப்பக்கமாக இழுப்பதைத் துடுப்பில் உணர முடிந்தது.

ஒன்பதரைக்குத் தோராவின் தூண்டில் வளைந்தது. மீன் கயாக்கையே ஒரு சுற்றுத் திருப்பியது. இரண்டு முறை தண்ணீரை விட்டு எம்பிக் குதித்தது. வலையில் அள்ளியதும் முதலில் முதுகின் பின்பக்கம் பார்த்தாள். அங்கே இருக்கவேண்டிய சின்னத் துடுப்பு இல்லை. பண்ணையில் பொரித்து, அடையாளத்துக்கு வெட்டி விடப்பட்ட மீன், வைத்துக்கொள்ளலாம். தலையில் ஒரே அடி. செவுளை அறுத்து வாளித் தண்ணீரில் தலைகீழாக வைத்தாள். ரத்தம் வடிந்ததும் குடலை எடுத்து, அலசி, திரும்பி உட்கார்ந்து பையின் மூடியைத் திறந்து, வயிறு நிறைய ஐஸை அள்ளி வைத்துப் படுக்கவைத்தாள். ஒரு வருஷமாக மனத்துக்குள் செய்து பார்த்த வேலை.

சிக்னி பக்கத்தில் மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாடி, ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ற மாதிரி இருக்கு."

அது கிண்டல்தானா என்று தோராவுக்குத் தெரியவில்லை. பையின் மூடியை அழுத்தி மூடினாள்.

கால் மணி நேரத்தில் சிக்னிக்கு ஒன்று மாட்டியது, தோராவுடையதைவிடப் பெரிதாக. பன்னிரண்டு பவுண்டாவது இருக்கும். அவள் போட்ட கூச்சலில் பாசிமேல் உட்கார்ந்திருந்த நாரை எழுந்து பறந்தது. அடித்து, செவுளை அறுத்தவுடன் கயாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அக்கா, இதையும் உன் பையில போட்டுக்கோயேன். நான் ஐஸே எடுத்துட்டு வரல."

தோரா தன் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இடமில்ல."

"ஒரு மீனுக்கா?"

"இடமில்லன்னா இல்ல. உன் மீனு, நீ பாத்துக்கோ."

சிக்னி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு கயிற்றை மீனின் செவுள் வழியாகக் கோர்த்து, மறுமுனையைக் கயாக்கின் பக்கவளையத்தில் கட்டி, மீனைத் தண்ணீரில் இறக்கினாள். "கடல விட என்ன பெரிய ஐஸ் பெட்டி? பத்து டிகிரிதான் இருக்கு," என்றாள். பன்னிரண்டு பவுண்டு மீன் ரத்தம் கசிந்தபடி அவளுக்குப் பக்கத்தில் மிதந்து வந்தது.

கொஞ்ச நேரத்தில் தோரா அதைப் பார்த்தாள். பாசிக்காட்டின் அந்தப் பக்கம், நூற்றைம்பது அடி தள்ளி, தண்ணீருக்கு மேல் ஒரு பழுப்புத் தலை. கடல்நாயின் தலைபோல் உருண்டையாக இல்லை. நாய்முகம், தடித்த கழுத்து, நீண்ட மீசை. கடல் சிங்கம். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. சிக்னி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

தோரா வாயைத் திறக்கவில்லை. தூக்கிக்கிட்டுப் போகட்டும், என்று நினைத்தாள். வெறும் கயிறோட கரைக்கு வரட்டும். இந்த வருஷ விருந்துல அத நான் சொல்லிக்கிறேன். அப்படி நினைத்தபோது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தலை இன்னொரு முறை எழுந்தது, பக்கத்தில். மறுபடி மறைந்தது.

"ஏய்! ஏய்! என் மீன விடு!"

சிக்னியின் கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீனை விட மனமில்லாமல் அவள் கயிற்றைப் பிடித்து வலதுகையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். கீழே இருந்தது எண்ணூறு பவுண்டு மிருகம். அது ஒருமுறை புரண்டது, அவ்வளவுதான். கயாக் கவிழ்ந்தது; சிவப்பு அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. சிக்னியைக் காணோம்.

தோரா எத்தனை முறை துடுப்புப் போட்டாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது சிக்னியின் தலை மேலே வந்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வலதுகை தண்ணீருக்குள் இழுபட்டு, விறைத்த கயிற்றில் மாட்டியிருந்தது. தோரா குனிந்து, செவுள் அறுத்த கத்தியாலேயே கயிற்றை அறுத்தாள். மறுமுனை விசுக்கென்று ஆழத்துக்குள் போயிற்று. கை மேலே வந்தது. நடுவிரலும் மோதிர விரலும் இருக்கவேண்டிய விதத்தில் இல்லை.

"அக்கா, குளுருது."

"தெரியுது. என் கயாக்க புடி. இடதுகையால புடி!"

கைரேடியோவில் உதவிக்குக் கூப்பிட்டாள். வெண்டலின் குரல் பதில் சொன்னது. துறையில்தான் இருந்தார், புறப்படுகிறேன் என்றார். ஆனால் வற்றும் கடல் இருவரையும் முனையைத் தாண்டி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் சிக்னியால் தன் கயாக்கைப் புரட்டவோ ஏறவோ முடியாது. ஜீன்ஸோடு அந்தத் தண்ணீரில் அரைமணி தாங்கமாட்டாள். தோராவின் கயாக்கில் ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது பின்பள்ளத்தில் மட்டும்தான். அங்கே பை இருந்தது.

தோரா வாரை அறுத்துப் பையைக் கடலில் தள்ளினாள். தங்கையின் லைஃப் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்து, மூன்று முறை இழுத்து, நெஞ்சுவரை அந்தப் பள்ளத்தில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டாள். கால்கள் தண்ணீரிலேயே கிடந்தன. தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"பேசு சிக்னி. ஏதாவது பேசிட்டே இரு. தூங்காத."

"நல்ல மீனு அக்கா," என்றாள் சிக்னி. பற்கள் மோதிக்கொண்டன. "என் வாழ்க்கையிலயே பெரிய மீனு."

முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று வெண்டலின் அலுமினியப் படகு வர.

தெற்கே பெரிய ஊரின் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் நடுக்கணுவோடு எடுத்துவிட்டார்கள். சிக்னியின் கணவன் ஹாமிஷ் தாழ்வாரத்தில் தோராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன், அதிகம் பேசாதவன்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலக்கா. கடல் சிங்கம் திரும்பி வர்ற மாசம்னு அவளுக்குத் தெரியாதா? மீன ஏன் தண்ணில கட்டினா? உங்ககிட்டதான் பை இருந்துச்சே?"

"எல்லாம் சட்டுனு நடந்துடுச்சு ஹாமிஷ்," என்றாள் தோரா.

மயக்கம் தெளிந்த சிக்னியிடமும் அவன் அதையே கேட்டான். அவள் தலையணையிலிருந்தே சொன்னாள்: "சோம்பேறித்தனம். ஐஸ் எடுத்துட்டுப் போகல. வேற என்ன?" சொல்லும்போது தோராவைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வெண்டல் தோராவின் வீட்டுவாசலில் நின்றார். கையில் பை. முனைக்கு வடக்கே கூழாங்கல் கரையில் ஒதுங்கிக் கிடந்ததாம். ஐஸ் பாதிக்குமேல் கரையாமல் இருந்தது. வெண்டல் அவளைக் கேட்காமலே மீனை எடுத்து, விரலால் அழுத்தி, மோந்து பார்த்தார்.

"இப்ப பிடிச்ச மாதிரி இருக்கு. நானே இவ்வளவு சுத்தமா வெச்சதில்ல தோரா. இனிமே எவனும் உன்னக் கரண்டின்னு சொல்லட்டும், நான் பேசிக்கிறேன்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "நல்ல பையும்கூட. நாலு மீன் தாராளமா கொள்ளும்," என்றார்.

ஒரு வருஷமாக எந்தச் சொல்லுக்கு ஏங்கினாளோ அது அவள் வாசலிலேயே வந்து நின்றது. தோரா மீனைத் தொடவில்லை. "நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்றாள். "மீனையும். பையையும்."

அதன்பின் ஐந்து வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போனாள். துணி துவைத்தாள், தரை துடைத்தாள், பட்டாணி சூப் வைத்துக் கொடுத்தாள். முன்னறையில் முடிவெட்டும் நாற்காலிமேல் துண்டுகள் மடித்து அடுக்கிக் கிடந்தன. யார் விசாரிக்க வந்தாலும் சிக்னி, "சோம்பேறித்தனம்பா. ஒரு மூட்டை ஐஸுக்குச் சோம்பல்பட்டு ரெண்டு விரல குடுத்தேன்," என்று சிரிக்கவைத்து அனுப்பினாள். தோரா சமையலறையில் நின்று அதைக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அதற்குள் பாத்திரம் ஏதாவது கழுவ இருக்கும். ஹாமிஷ் இன்னும் இரண்டு தடவை கேட்டான், ஒருமுறை காரில், ஒருமுறை வாசலில். இரண்டு தடவையும் அவள் வேறு எதையோ பேசினாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு மதியம், பேசிக்கொண்டிருந்த தொலைபேசியை சிக்னி வைத்ததும், தோரா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பையில இடம் இருந்துச்சு."

"தெரியும்."

தோரா திரும்பினாள்.

"நீ மூடியத் தொறந்து ஐஸ அள்ளிப் போட்டப்ப நான் ரெண்டு முழம் தள்ளித்தானே இருந்தேன்? எனக்குக் கண்ணு இருக்குக்கா. இன்னும் மூணு மீனு கால நீட்டிப் படுக்கலாம்."

"அப்பறம் ஏன் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்ற?"

"பின்ன? எங்கக்கா மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா, அதனால வெரல் போச்சுன்னு சொல்லவா?" சிக்னி இடதுகையால் சூப்பைக் கலக்கினாள். "அந்தக் கரண்டிக் கதைதானே?"

"ஆமா."

"ஒரு வருஷமாவா? 'ஏண்டி இப்படிப் பேசின'ன்னு ஒரு அறை குடுத்திருக்கலாமே. எனக்கென்ன தெரியும், நீயும்தானே சிரிச்சே." மறுபடி சூப்பைக் கலக்கினாள். "நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன். சொல்லிட்டேல்ல, போகட்டும் விடு. மீன கட்டினது நான். கையில கயித்த சுத்தினதும் நான்தான்."

அந்த இடத்தில் தோரா நிறுத்தியிருக்கலாம். தங்கையின் குரலில் கோபமே இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரும் அழுது முடித்து, சூப் குடித்திருக்கலாம். தோராவுக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் அந்த மன்னிப்பு பாதிக் கணக்குக்குத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அத நான் முன்னாடியே பாத்தேன்," என்றாள். "கடல் சிங்கத்த."

சிக்னியின் கை நின்றது.

"எவ்வளவு முன்னாடி?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கலாம். நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தே."

"சொல்லியிருந்தா மீன தூக்கி மடியில போட்டிருப்பேன்."

"தெரியும்."

"அதுக்காகத்தான் சொல்லலையா?"

தோரா ஆமாம் என்று தலையாட்டினாள். "மீன் போகட்டும்னு நெனச்சேன். மீன் மட்டும். சத்தியமா மீன் மட்டும்தான்டி."

சிக்னி மேஜைமேல் இருந்த தன் வலதுகையைப் பார்த்தாள். எழுந்துபோய்த் தோராவின் கோட்டை எடுத்துவந்து நாற்காலி முதுகில் போட்டாள்.

"வீட்டுக்குப் போ. ஹாமிஷ்கிட்ட நீயே சொல்லிடு. உனக்காக இனிமே என்னால பொய் சொல்ல முடியாது."

தோரா நேராகப் படகுப்பட்டறைக்குப் போனாள். ஹாமிஷ் ஓர் எஞ்சினைப் பிரித்துப் பரப்பியிருந்தான். அவள் எதையும் குறைக்காமல் சொன்னாள்: பையில் இடம் இருந்ததை, கடல் சிங்கத்தின் தலையைப் பார்த்ததை, தான் காத்திருந்ததை. அவன் கைகளைக் கந்தைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மூணு தடவ கேட்டேன் உன்கிட்ட," என்றான். அவளை அவன் அக்கா என்றும் நீங்க என்றும் சொல்லாதது பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல்முறை. "போ தோரா. நான் ஏதாவது சொல்றதுக்குள்ள போயிடு."

ஊருக்கு அவர்கள் யாரும் சொல்லவில்லை. ஊர் தானாகவே ஏதோ தெரிந்துகொண்டது. கரண்டி என்று கூப்பிடுவது நின்றது. பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் அம்மாக்கள் அவளுக்குக் கையாட்டுவதும் கொஞ்சம் குறைந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிய கேக் திரும்பி வரவில்லை. நன்றி என்று ஓர் அழைப்பும் வரவில்லை. அவள் இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவாள். கயாக்கை ஒருமுறைகூட இறக்கவில்லை.

சிக்னி கத்தரிக்கோலை இடதுகையில் பழகப் பார்த்து விட்டுவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். ஜனவரியில் எதிர்த்தீவுக்கு ஆளையும் காரையும் ஏற்றிப்போகும் படகின் டிக்கெட் ஜன்னலில் அவளுக்கு வேலை கிடைத்தது. தோரா அந்தப் படகையே தவிர்த்தாள். பிப்ரவரியில் பேருந்துக்கு ஓர் உதிரிபாகம் வாங்க எதிர்த்தீவுக்குப் போயே தீரவேண்டி வந்தபோது, வரிசையில் நின்று, ஒவ்வோர் ஆளாக நகர்ந்து, ஜன்னலுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள்.

சிக்னி நீலச்சட்டை போட்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தன் முடியை யாரிடமோ கொடுத்து மோசமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆளா? காரும் உண்டா?"

"ஒரு ஆள்தான். போயிட்டு இன்னைக்கே திரும்பணும்."

சிக்னி மூன்று விரலால் பொத்தானை அழுத்தி, டிக்கெட்டைக் கிழித்து, ஜன்னலுக்குக் கீழே தள்ளினாள். தோரா அதை எடுத்துக்கொண்டும் நகராமல் நின்றாள். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"ஆள் நிக்கிறாங்க பாரு. நகரு," என்றாள் சிக்னி.

தோரா நகர்ந்தாள். நாலு அடி போயிருப்பாள்.

"அக்கா."

திரும்பிப் பார்த்தாள். சிக்னி அடுத்தவருடைய டிக்கெட்டை அச்சடித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. ஹாமிஷ் இருப்பான், உன்கிட்ட பேச மாட்டான். நானும் பெருசா பேசுவேன்னு நெனச்சுக்காத." டிக்கெட்டைக் கிழித்தாள். "இருந்தாலும் வா."

படகின் சங்கு ஊதியது. தோரா சரி என்று சொன்னாள். அது ஜன்னலுக்குள் கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.